‘குளோசர்’: சத்தம் குறைவான ஓர் இண்டஸ்ட்ரியல் பாட்டு

இண்டஸ்ட்ரியல் ராக் என்றால் இரும்பை இரும்பால் அடிக்கும் சத்தம், கிழிந்துபோன கிட்டார், தொண்டை நரம்பு புடைக்கக் கத்தல். பலருடைய மனதில் இருக்கும் படம் இதுதான். ஆனால் அந்த வகையில் உலகம் அதிகம் கேட்ட பாடல்களில் ஒன்றான நைன் இஞ்ச் நெய்ல்ஸின் ‘குளோசர்’ பாட்டை நல்ல ஹெட்ஃபோனில் நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். கிட்டார் இருக்கும் இடம் தேடினால்தான் தெரியும். கத்தலே இல்லை. வேகம் நிமிடத்துக்கு 90 தட்டு, கிட்டத்தட்ட நடைவேகம். ஆறு நிமிடத்துக்கும் சற்று அதிகமாக ஓடும் பாட்டில் முதல் பாதி பெரும்பாலும் வெற்றிடம்தான். பாட்டின் கெட்டிக்காரத்தனமும் அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது. அதைப் பார்த்துச் செய்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வழுக்கி விழுந்ததும் அங்கேதான்.

‘தி டவுன்வர்ட் ஸ்பைரல்’ ஆல்பம் 1994 மார்ச் 8 அன்று வந்தது. அதே ஆண்டு மே மாதம் ‘குளோசர்’ தனிப்பாடலாக வெளியானது. பெயருக்குக் குழு என்றாலும் அன்று ஸ்டூடியோவுக்குள் நைன் இஞ்ச் நெய்ல்ஸ் என்றால் டிரென்ட் ரெஸ்னர் ஒருவர்தான்; எழுதியவரும் பாடியவரும் அவரே. தயாரிப்பில் உடன் இருந்தவர் ஃபிளட் என்ற பெயரில் அறியப்படும் ஆங்கிலேயர் மார்க் எல்லிஸ். 1990இல் ஆங்கில மின்னிசைக் குழு டெப்பெஷ் மோடின் ‘வயலேட்டர்’ ஆல்பத்தில் வேலை செய்தவர். சின்தசைசரைச் சுவர் போல எழுப்பாமல், ஒவ்வொரு ஒலியைச் சுற்றியும் காற்று விட்டு வைப்பது அந்த ஆல்பத்தின் குணம். ‘குளோசர்’ பாட்டில் அதே காற்றோட்டம் தெரிகிறது.

பதிவான இடத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அதிகம் பேசவும் வேண்டாம். லாஸ் ஏஞ்சலஸில் சியலோ டிரைவ் 10050 என்ற முகவரி. 1969இல் நடிகை ஷாரன் டேட்டும் மற்றவர்களும் சார்லஸ் மேன்சனின் கும்பலால் கொலை செய்யப்பட்ட வீடு. ரெஸ்னர் அதை வாடகைக்கு எடுத்து ஸ்டூடியோவாக்கி ‘லெ பிக்’ என்று பெயர் வைத்தார். கொலையாளிகள் கதவில் இரத்தத்தால் எழுதிய சொல்லை வைத்து விளையாடிய பெயர், ரசனைக்குறைவான பெயர். ஒரு நாள் டேட்டின் சகோதரியை நேரில் சந்தித்தபோது, என் அக்காவின் சாவை வைத்துப் பிழைக்கிறாயா என்ற பொருளில் அவர் கேட்ட கேள்வி தன்னை உலுக்கியதாக ரெஸ்னரே சொல்லியிருக்கிறார். வீடு 1994இல் இடிக்கப்பட்டது.

பாட்டின் ஒலிக்குக் காரணம் அந்த வீட்டின் பேய்கள் என்று எழுதுவது எளிது. உண்மையான காரணம் சாதாரணமானது: மணிக்கணக்கில் வாடகை ஓடாத ஸ்டூடியோ. ஒரே ஒரு ஸ்னேர் (கூர்மையாக வெடிக்கும் சிறு டிரம்) ஒலியை நாள் முழுக்க நோண்டிக்கொண்டிருக்க முடியும். மேக்கின்டாஷ் கணினியில் ஓப்கோட் நிறுவனத்தின் ‘ஸ்டூடியோ விஷன்’ மென்பொருள், ஒலித் துணுக்குகளைப் பதிந்து மாற்றி வாசிக்கும் அகாய் சாம்ப்ளர்கள், ப்ராஃபெட் வி.எஸ். போன்ற சின்தசைசர்கள் (சின்த்), ஒலியைக் கணினிக்குள்ளேயே உருக்குலைக்கும் டர்போசின்த் மென்பொருள், ஆம்ப்ளிஃபையருக்குப் பதிலாக ஜூம் 9030 என்ற சிறிய கிட்டார் ப்ராசசர். அந்தக் காலத்து ரெஸ்னரின் பணிமேசை இதுதான். இவற்றில் பாதி, வீட்டில் இசை செய்பவர்களும் வாங்கக்கூடிய சாமான்கள்.

இனி அந்த கிக்.

பாட்டைத் தாங்கும் கிக் டிரம், அதாவது காலால் அடிக்கும் பெரிய டிரம்மின் தாழ்ந்த குத்து, ரெஸ்னர் உருவாக்கியது அல்ல. அமெரிக்க ராக் பாடகர் இகி பாப் 1977இல் வெளியிட்ட ‘தி இடியட்’ ஆல்பத்தில் உள்ள ‘நைட்கிளப்பிங்’ பாட்டிலிருந்து எடுத்து, அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றியது. அந்த மூலமும் மனிதக் கை அடித்த டிரம் அல்ல. ரோலண்ட் டிரம் மெஷின். ஆல்பத்தைத் தயாரித்த டேவிட் போவி, பிறகு நிஜ டிரம்மை வைத்து மாற்றிக்கொள்ளலாம் என்றிருக்க, மெஷினே இருக்கட்டும் என்று இகி பிடிவாதம் பிடித்தார். ஆக, 17 ஆண்டுகள் கழித்து ரெஸ்னர் எடுத்தது தற்காலிகமாகப் போட்டுவைத்து நிரந்தரமான ஒரு தாளத்தை. ஆல்பத்தின் கையேட்டில் இதற்கு முறையாக நன்றி அச்சிடப்பட்டிருக்கிறது. 1991 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் ராப் பாடகர் பிஸ் மார்க்கி வழக்கில் அனுமதியற்ற சாம்ப்ளிங்கை (பிறர் பதிவிலிருந்து துணுக்கு எடுப்பதை) திருட்டு என்றே தீர்ப்பளித்த பிறகு, பெரிய நிறுவனங்கள் அனுமதி வாங்காத சாம்ப்ளை வெளியிடத் தயங்கின.

ஓர் இசைத்தட்டிலிருந்து கிக்கை மட்டும் பிரித்தெடுப்பது கேட்பதற்கு எளிது. செய்யும்போது மூன்று சிக்கல்கள் வரும். முதலாவது, முழுதாக மிக்ஸ் செய்த பாட்டிலிருந்து எடுப்பதால் கிக்கோடு ரிவெர்ப் வாலும் (எதிரொலி மங்கி அடங்கும் நீட்சி), கூட ஒலிக்கும் வேறு கருவியின் துணுக்கும் ஒட்டிக்கொண்டு வரும். 100 முதல் 150 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை, தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் லோ-பாஸ் ஃபில்டரால் வெட்டினால் துணுக்கு போய்விடும். கூடவே கிக்கின் ‘டக்’ என்ற முனையும் போய்விடும். அந்த முனையை வேறொரு குறுகிய ஒலியால் மேலே ஒட்டித் திரும்பத் தர வேண்டும். இரண்டாவது, சாம்ப்ளரில் சுருதியைக் குறைத்தால் நீளமும் மாறும். ஓர் அரைச்சுரம் இறக்கினால் ஏறக்குறைய 6 சதவீதம் நீளும். 200 மில்லி விநாடி கிக்கை 7 அரைச்சுரம் இறக்கினால் 300 மில்லி விநாடி ஆகிவிடும். அடுத்த தட்டோடு அதன் வால் மோதத் தொடங்கும். வாலை என்வலப்பால் (ஒலி எழுந்து அடங்கும் வடிவத்தை மாற்றும் அமைப்பால்) சுருக்காமல் விட்டால் தாளமே சேற்றில் நடப்பதுபோல் ஆகும். மூன்றாவது, ஒட்டிய இரண்டு ஒலிகளும் ஒன்றையொன்று தின்னும். 60 ஹெர்ட்ஸ் அலையின் அரைச்சுற்று 8.3 மில்லி விநாடி. இரண்டு கிக்குகள் அந்த அளவு தள்ளி அமைந்துவிட்டால் அடித்தளம் காணாமல் போகும். சத்தத்தை ஏற்றி ஏற்றிப் பார்ப்பவர்களுக்கு இது பிடிபடாது. ஒரு ட்ராக்கின் பொலாரிட்டியை, அதாவது அலையின் மேல்-கீழ் திசையை, திருப்பிப் பார்த்தால் ஒரே நொடியில் தெரிந்துவிடும்.

சாம்ப்ளரின் நினைவகமும் அன்று ஒரு கடிவாளம். 1988இல் வந்த அகாய் எஸ்1000 அடிப்படையில் 2 மெகாபைட்டோடுதான் வந்தது. 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் மோனோவாக 24 விநாடிக்குள், ஸ்டீரியோவில் அதில் பாதி. கூடுதல் மெமரி போடலாம், ஆனால் விலை கடுமை. இதனால் ஒலிகளை நீளமாக எடுக்காமல் குறுக்கி வெட்டும் பழக்கம் அந்தத் தலைமுறைக்கே கைவந்துவிட்டது. ‘குளோசர்’ தாளத்தில் ஒவ்வொரு ஒலியும் வெடுக்கென்று முடிவதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்பது எங்கள் கணிப்பு.

ஸ்னேர் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது நீராவி பீறிடுவது போன்ற இரைச்சல். இப்படி ஒன்றைச் செய்ய ஆடம்பரமான சாதனம் எதுவும் வேண்டாம். வெள்ளை இரைச்சலை (எல்லா அதிர்வெண்ணும் சமமாகக் கலந்த சீறல்) எடுத்து, 2 முதல் 6 கிலோஹெர்ட்ஸ் வரையான பட்டையை மட்டும் விட்டு, மற்றதை வெட்டி, 120 மில்லி விநாடிக்குள் அடங்கும் என்வலப் போட்டால் அடிப்படை கிடைத்துவிடும். 90 வேகத்தில் ஒரு தட்டு 667 மில்லி விநாடி, கால் தட்டு 167. இரைச்சலின் வால் அந்த 167ஐத் தாண்டினால் இடைவெளி நிரம்பிவிடும், நடை போய்விடும். எதிரொலி சேர்க்க விரும்புபவர்களுக்கு இந்த வேகத்தில் ஒரு வசதி உண்டு: முக்கால் தட்டு சரியாக 500 மில்லி விநாடி. கணக்கே போடாமல் டிலேயில் நேராகப் பதியலாம்.

பேஸ் சின்த் வந்து உட்காரும்போதுதான் பாட்டு நடனமாகிறது. சுருதி சி மைனர். இங்கே அடித்தளத்தில் இரண்டு பேருக்கு ஒரே நாற்காலி. பேஸின் சி சுரம் 65.4 ஹெர்ட்ஸ், கிக்கும் 60ஐ ஒட்டியே இருந்தால் இரண்டும் குழம்பும். வழி இரண்டு. கிக்கை ஐந்தாம் சுரமான ஜி-க்கு, அதாவது 49 ஹெர்ட்ஸுக்கு இறக்குவது ஒன்று. கிக் விழும் நேரத்தில் மட்டும் பேஸ் 3 அல்லது 4 டெசிபல் தாழும்படி சைட்செயின் கம்ப்ரசர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் கருவி) வைப்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் பேஸ் மூச்சுத் திணறுவது கேட்கும், ஒன்றே போதும். ஆனால் ‘குளோசர்’ பாட்டில் தீர்வு முதலில் எழுத்திலேயே இருக்கிறது: பேஸ் பெரும்பாலும் தட்டுக்கு நடுவில், எதிர்த்தட்டில் அசைகிறது. மோதல் வராதபடி இசையமைத்துவிட்டால் மிக்ஸில் மருந்து தேட வேண்டியதில்லை.

அடுத்தது அடுக்கு. பந்திக்கு ஒவ்வொருவராக வந்து உட்காருவது போல ஒலிகள் வருகின்றன. உட்கார்ந்தவர் எழுந்து போவது அபூர்வம். முதலில் தாளம் மட்டும். பிறகு பேஸ். பிறகு காதருகில் பேசுவதைப் போன்ற குரல். பல்லவியில் மேலே ஒரு சின்த் அடுக்கு. பாட்டின் பின்பாதியில் குரல் கிட்டத்தட்ட ஒதுங்கிவிட, சின்த் வரிகள், ஃபங்க் பாணியில் கிள்ளிய கிட்டார், பெயர் சொல்ல முடியாத கீச்சொலிகள் என்று ஏறிக்கொண்டே போகிறது. சுரத்தளம் பெரிதாக எங்கும் நகர்வதில்லை. வேகமும் அதே 90. மேலே ஏறுவது அடர்த்தி மட்டும். உச்சத்தில் எல்லாம் சரிந்து, சுருதி விலகிய ஒரு பியானோ இறங்குமுகமான சிறு மெட்டை வாசித்து முடிக்கிறது. இதே மெட்டு ஆல்பத்தின் தலைப்புப் பாடலில் திரும்ப வரும். அதாவது தனிப்பாடலாகக் கேட்பவருக்கு அழகான முடிவு, ஆல்பத்தைக் கேட்பவருக்கு வரப்போகும் வீழ்ச்சியின் முன்னறிவிப்பு.

டிஸ்டார்ஷன், அதாவது ஒலியை நசுக்கிக் கரகரப்பாக்குவது, எங்கே? இருக்கிறது, சில்லறை சில்லறையாக. இதைப் பின்பற்ற நினைப்பவர்கள் செய்யும் முதல் காரியம் மாஸ்டர் ட்ராக்கில், அதாவது மொத்தப் பாட்டின் மேல், டிஸ்டார்ஷனைக் கவிழ்ப்பது. அப்படிச் செய்தால் தனித்தனி ஒலிகளின் இடையே புதிய கூட்டல், கழித்தல் அதிர்வெண்கள் முளைக்கும். இரண்டு சுரம் சேர்ந்து ஒலிக்கும்போது அவை சுரத்தளத்துக்கே ஒத்துவராது. எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். ஒவ்வொரு ட்ராக்கிலும் தனித்தனியாகப் போடுவதே முறை. பேஸில் போடுவதானால் சமிக்ஞையை இரண்டாகப் பிரித்து, 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே தொடாமல் சுத்தமாக விட்டு, மேலே உள்ளதை மட்டும் நசுக்கி, 20 முதல் 30 சதவீதம் கலந்தால் போதும். சிறிய ஸ்பீக்கரில் பேஸ் வரி கேட்பதே அந்த மேல்பாதி ஹார்மோனிக்குகளால்தான் (சுரத்தோடு சேர்ந்து எழும் மேல் அதிர்வெண்கள்). கிக்கின் அடித்தளத்தை நசுக்கினால் அது அகலமாகும், ஆனால் குத்தாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கருவிதான் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். சுற்றி எல்லாம் சுத்தமாக இருக்கும்போதுதான் ஓர் அழுக்கு உறைக்கும்.

குரலுக்கும் இதே சிக்கனம். சரணங்களில் ரெஸ்னர் மைக்கை ஒட்டி, காற்று அதிகமாகக் கலந்து பாடுகிறார். இப்படிப் பதிவதில் ‘ப’ ஒலியில் காற்று மோதி வெடிப்பதும், கம்ப்ரசர் ஏற்றும்போது ‘ச’ ஒலி சீறுவதும் வழக்கமான தொல்லை. மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுச் சாய்த்து வைத்தால் முதலாவது பாதி குறையும். இரண்டாவதற்கு, அந்தச் சீற்றத்தை அடக்கும் டி-எஸ்ஸரைக் கம்ப்ரசருக்கு முன்னால் வைப்பது நல்லது. பின்னால் வைத்தால், ஏற்கெனவே பெருத்துவிட்ட சீற்றத்தை அடக்க அதிகம் வெட்ட வேண்டியிருக்கும், பாடகருக்கு நாக்கு தடித்தது போலாகும்.

பாட்டின் பல்லவியில் வானொலியில் சொல்லக் கூடாத ஒரு வினைச்சொல் உண்டு. அமெரிக்க வானொலிக்கும் எம்.டி.வி.க்கும் போன பிரதியில் அந்தச் சொல் மட்டும் விழுங்கப்பட்டு, இசை தடையின்றி ஓடியது. தாளம் நிற்காததால் காலியிடத்தைக் கேட்பவரே நிரப்பிக்கொண்டார். தணிக்கை பாட்டுக்கு விளம்பரமாகவே அமைந்தது. ஆனாலும் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பாடல் பட்டியலில் 41ஆம் இடத்தோடு நின்றது, பிரிட்டனில் 25. மாடர்ன் ராக் பட்டியலில் 11. இன்று இதன் பெயரைக் கேட்டால் முதலிடத்தில் வந்த பாட்டோ என்று நினைப்பவர்கள் உண்டு.

பாட்டை மோகப் பாட்டு என்று எடுத்துக்கொண்டு நடன அரங்குகள் கொண்டாடின. வரிகளைப் படித்தால் அது தன்வெறுப்பு: உள்ளே ஒன்றுமில்லாமல் போனவன், இன்னோர் உடலின் வழியாகத் தன்னை மறக்கப் பார்க்கிறான். தவறு கேட்டவர்களுடையது மட்டுமல்ல. இவ்வளவு இடுப்பசைக்கும் தாளத்தை அடியில் வைத்துவிட்டு, துயரத்தைக் கேள் என்றால் உடம்பு கேட்காது. அந்த முரண் இல்லாமல் இருந்திருந்தால் பாட்டு இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பதும் உண்மை.

மார்க் ரோமானெக் இயக்கி, ஹாரிஸ் சாவிடஸ் ஒளிப்பதிவு செய்த வீடியோ பாதிப் புகழுக்குக் காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆய்வுக்கூடம் ஒன்றின் சிதைந்த படச்சுருள் எங்கோ கிடைத்தது போன்ற தோற்றம். தாளத்தோடு துடிக்கும் இதயம், சிலுவையில் கட்டிய குரங்கு, சுழலும் பன்றித்தலை. புகைப்படக் கலைஞர் ஜோயல்-பீட்டர் விட்கின், ஓவியர் ஃபிரான்சிஸ் பேகன், பொம்மை அசைவூட்டக் கலைஞர்களான குவே சகோதரர்கள் ஆகியோரின் சாயல் வெளிப்படை. எம்.டி.வி. பல காட்சிகளை வெட்டச் சொன்னது. வெட்டிய இடத்தில் ‘காட்சி காணவில்லை’ என்ற அட்டையைச் செருகினார்கள். தணிக்கையும் பழைய படச்சுருளின் பகுதிபோல ஒட்டிக்கொண்டது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் நிரந்தரத் தொகுப்பில் இந்த வீடியோ இருக்கிறது.

தனிப்பாடல் தட்டை வெறும் துணைப்பொருளாகக் கடந்துவிடக் கூடாது. நைன் இஞ்ச் நெய்ல்ஸ் வெளியீடுகளுக்கு ‘ஹாலோ’ வரிசை எண் உண்டு. இது ஹாலோ 9. மீட் பீட் மேனிஃபெஸ்டோ குழுவின் ஜாக் டேஞ்சர்ஸ், ஸ்கின்னி பப்பி குழுவோடு வேலை செய்த டேவ் ஓகில்வி, ஆன்-யூ சவுண்ட் நிறுவனத்தின் ஏட்ரியன் ஷெர்வுட் ஆகியோரின் ரீமிக்ஸ்கள், சாஃப்ட் செல் குழுவின் பாட்டு ஒன்றை ரெஸ்னர் மீண்டும் பாடிய வடிவம் எல்லாம் அதில் உண்டு. முத்தாய்ப்பு, கோயில் (Coil) என்ற ஆங்கிலக் குழு செய்த ‘ப்ரிகர்சர்’. கோயிலின் பீட்டர் கிறிஸ்டோஃபர்சன், 1976இல் ‘இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்’ என்று நிறுவனம் தொடங்கி இந்த வகைக்கே பெயர் தந்த த்ராபிங் கிரிசில் குழுவின் நிறுவனர்களில் ஒருவர். மூலவர் கையில் பாட்டைக் கொடுத்தார் ரெஸ்னர். அவர் தாளத்தைத் துருப்பிடிக்கவைத்துத் திருப்பித் தந்தார்.

அந்த ரீமிக்ஸ்தான் 1995இல் டேவிட் ஃபின்ச்சரின் ‘செவன்’ படத்தின் தொடக்கப் பெயர்வரிசைக்குப் போனது. கைல் கூப்பர் வடிவமைத்த அந்தக் காட்சியில் எழுத்துகளைப் படச்சுருளின் மேலேயே கையால் கீறினார்கள். குரல் ஒலிப்பது கடைசியில் ஒரே ஒரு வரிக்கு. அதற்குப் பிறகு எத்தனை குற்றப் படங்களின், தொடர்களின் தொடக்கங்கள் நடுங்கும் எழுத்தோடும் அரைபடும் ஒலியோடும் வந்தன என்று எண்ணிப் பார்க்கலாம்.

எங்கள் பார்வையில் ‘குளோசர்’ பாட்டின் நேர் வாரிசுகள் ராக்கில் இல்லை. 90களின் பிற்பாதியில் வந்த ராக் குழுக்கள் எடுத்துக்கொண்டது கறுப்பு உடையையும் நசுங்கிய கிட்டாரையும். அடுக்கை ஏற்றும் பொறுமையை எடுத்துக்கொண்டது திரை. ரெஸ்னர் 1996இல் ‘க்வேக்’ விளையாட்டுக்கு இசையமைத்தார். 1994 முதல் குழுவோடு மேடையில் வாசித்த சார்லி கிளவுசர் ‘சா’ படவரிசையின் இசையமைப்பாளரானார். ரெஸ்னரும் அவரோடு சேர்ந்து இசையமைக்கும் அட்டிகஸ் ராஸும் அதே ஃபின்ச்சரின் ‘தி சோஷியல் நெட்வொர்க்’ படத்துக்காக 2011இல் ஆஸ்கர் வாங்கினார்கள். அந்தப் படத்தின் முக்கிய இசையும் கீழே ஒரு முனகல், மேலே சில பியானோ சுரங்கள், நடுவே வெற்றிடம்.

2020இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் குழு சேர்க்கப்பட்டபோது அறிமுக உரை ஆற்றியவர் இகி பாப். இந்த இசையை இண்டஸ்ட்ரியல் என்கிறார்கள், எனக்கோ அடியில் ஃபங்க் கேட்கிறது என்ற பொருள்பட ‘குளோசர்’ பாட்டையே உதாரணமாகச் சொன்னார். கிக்கின் சொந்தக்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

2008இல் ரெஸ்னர் ‘கோஸ்ட்ஸ்’ என்ற வாத்திய இசைத் தொகுப்பை, வணிகமற்ற பயன்பாட்டுக்கு அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டார். அதிலிருந்து நெதர்லாந்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் ஒரு துணுக்கை வெட்டிச் செய்த பீட்டை ராப் பாடகர் லில் நாஸ் எக்ஸ் வாங்கினார். 2019இல் அது ‘ஓல்ட் டவுன் ரோடு’ ஆனது. சாம்ப்ளுக்கான அனுமதி பின்னால்தான் வாங்கப்பட்டது. ரெஸ்னரும் ராஸும் எழுத்தாளர்களாகவும் தயாரிப்பாளர்களாகவும் சேர்க்கப்பட்டார்கள். ‘குளோசர்’ 41ஆம் இடத்தில் நின்றுபோன அதே ஹாட் 100 பட்டியலில் அந்தப் பாட்டு 19 வாரம் முதலிடத்தில் இருந்தது.